ரயிலில் போகும் பெட்டிக்கு நோட்டு போடுவது எப்படி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சரக்கு முனையம் வரை லோரி, அங்கிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு ரயில். இந்த வழியில் கண்டெய்னர் அனுப்புகிற எல்லாரும் "ரயில் லேட்டு" என்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறோம். ரப்பர் ஆலையில் ஏற்றுமதிக் கணக்குப் பார்க்கிற நானும் பல வருஷம் போனில் கத்திப் பார்த்துவிட்டேன், தொண்டை போனதுதான் மிச்சம்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எக்செல் நல்லதுதான், ஆனால் கேட்டில் நிற்கிற காவலாளி எக்செலில் எழுத மாட்டார். பெட்டிக்கு ஒரு வரி: பெட்டி எண் (நாலு எழுத்து, ஏழு இலக்கம்), சீல் எண், ஆலையை விட்ட நேரம், முனையத்துக்குள் நுழைந்த நேரம், ரயில் கிளம்பிய நேரம், துறைமுகம் சேர்ந்த நேரம், கப்பலின் குளோசிங் (அந்தக் கப்பலுக்குப் பெட்டியைத் துறைமுகம் ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம்). கதவை மூடியதும் சீலும் பெட்டி எண்ணும் ஒரே படத்தில் விழும்படி கைப்பேசியில் எடுத்து வையுங்கள்.

ரயில் கிளம்பிய நேரத்தை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், விடாமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பழி தப்பான இடத்தில் விழும். மூன்று மாதம் எழுதிய பிறகு பார்த்தால், எங்கள் தாமதத்தில் பாதி ரயில் கிளம்புவதற்கு முன்பே நடந்திருந்தது. எங்கள் லோரி சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் நிற்கும், அன்றைய ஏற்றுப் பட்டியல் அதற்கு முன்பே மூடியிருக்கும். அது எங்கள் தப்புதான்.

அப்புறம், சராசரியை நம்பாதீர்கள். ஐந்து பெட்டிகள் 3, 3, 3, 4, 3 நாளில் போகின்றன, வேறு ஐந்து 2, 2, 3, 2, 7 நாளில் போகின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் சராசரி 3.2 நாள்தான், ஆனால் அந்த ஏழு நாள் பெட்டிதான் கப்பலைத் தவறவிடும். அது எப்போது வரும் என்று தெரியாததால் எல்லாப் பெட்டியையும் நாலு நாள் முன்கூட்டியே அனுப்பி, கிடங்கையும் நிரப்பி வைக்கிறோம். பயணிகள் ரயிலும் இதே தண்டவாளத்தில்தான் ஓடுகிறது, அதற்கு வழிவிட்டு சரக்கு நிற்க வேண்டும் என்பது புரிகிறது. (1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட நாட்டின் முதல் ரயில் பாதையே ஈயம் ஏற்றத்தான் என்பது வேறு கதை.) நிற்கட்டும், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு நிற்கட்டும்.

நோட்டில் கடைசிப் பத்தி ஒன்று சேருங்கள், இதை யாரும் எழுதுவதில்லை: அந்த வாரம் எத்தனை பேருக்குப் பணம் தள்ளிப் போனது. ஒரு இருபதடிப் பெட்டியில் 16 பேலட், பேலட்டுக்கு 36 ரப்பர் கட்டி, கட்டி 35 கிலோ, ஆக ஒரு பெட்டி நின்றால் 20,160 கிலோ ரப்பரின் பணம் நிற்கும். எல்சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம்) வியாபாரத்தில், கப்பலில் ஏறிய தேதி போட்ட கப்பல் ரசீது வந்தால்தான் வங்கி பணம் தரும். வராத வாரம், மோட்டார் சைக்கிளில் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) மூட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்றத்தோடு கேட்டில் வந்து நிற்கிற அண்ணனிடம் "அடுத்த வாரம் வாங்கண்ணே" என்று சொல்வது நான்தான். அவர் அங்கிருந்து நேராக மளிகைக் கடைக்குப் போய் அதையே சொல்வார்.

மூன்று மாதம் ஆனதும் ரயில் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். "எப்போதும் லேட்" என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம் வரும், அவ்வளவுதான். இத்தனை பெட்டியில் இத்தனை குளோசிங் தாண்டியது, அதில் இத்தனை முனையத்தில், இத்தனை வழியில் என்று பெட்டி எண்ணோடு எழுதுங்கள். கேட்பதும் குறிப்பாக இருக்கட்டும்: எந்தெந்தக் கிழமை ரயில், பெட்டி எத்தனை மணிக்குள் உள்ளே வர வேண்டும், ரயில் ரத்தானால் யார் போன் செய்வார். பக்கத்து மர ஆலையையும் சேர்த்துக்கொண்டு, வாரத்துக்கு இத்தனை பெட்டி நிச்சயம் என்று சொல்ல முடிந்தால் பேச்சு மாறும், ஏனென்றால் அவர்களுக்கும் வேகன் காலியாக ஓடக் கூடாது.

நோட்டைக் கயிறு போட்டு கேட்டில் கட்டி வையுங்கள், பேனாவையும் சேர்த்து. எங்கள் முதல் பேனா இரண்டு நாள்கூடத் தங்கவில்லை.