பூனைக்குத் தெள்ளு பிடித்தால்: பூனை, வீடு, வளவு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை

பூனை வாலடியையும் கழுத்தையும் ஓயாமல் சொறிகிறதா? உங்கள் கணுக்காலில் சின்னச் சிவந்த தடிப்புகள் வந்திருக்கின்றனவா? முதலில் அது தெள்ளுதானா என்று உறுதிப்படுத்துங்கள். நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் பூனையை நிறுத்தி, பேன்சீப்பால் முதுகிலும் வாலடியிலும் வாருங்கள். மிளகுத்தூள் போல விழுவது ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். கரையாமல் கறுப்பாகவே கிடந்தால் வெறும் மண்.

சீப்பில் அகப்படும் தெள்ளை விரலால் நசுக்கப் பார்த்தால் நழுவிப் பாய்ந்துவிடும். சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் சீப்பை முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதக்கும் தெள்ளு சவர்க்காரத் தண்ணீரில் தாழ்ந்து சாகும்.

பூனையின் மேல் தெரியும் தெள்ளுகள் மொத்தத்தில் 5 சதவீதமளவுதான். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டை வரை இடும். முட்டை மயிரில் ஒட்டாது. பூனை படுக்கிற இடமெல்லாம் உதிரும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு ஒதுங்கி, பாய்ப் பின்னலுக்குள்ளும் சிமெந்து வெடிப்புக்குள்ளும் கட்டிலடித் தூசிக்குள்ளும் போய்விடும். பிறகு மணலும் தூசியும் ஒட்டிய கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் சரியாக இறங்காது. மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கவும் அதனால் முடியும். பூனையைக் குளிப்பாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத் தெள்ளு திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

பூனைக்கு மருந்து

மிருக வைத்தியரிடம் பூனையின் நிறையைச் சொல்லி, பிடரியில் விடும் சொட்டு மருந்து கேளுங்கள். பிப்ரோனில், செலமெக்டின் இரண்டும் பூனைக்கு உரியவை. பூனைக்கான பிப்ரோனில் குழாயில் 0.5 மில்லிலீற்றர் இருக்கும். நாக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கி, தோலில் படும்படி விடுங்கள். மயிரின் மேல் விட்டால் வீண். பிப்ரோனில் விடுவதற்கு 2 நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் அவரவர்க்குரிய மருந்தை ஒரே நாளில் போட்டு, 4 வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 3 மாதம் தொடருங்கள்.

8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு இவை வேண்டாம். நாளுக்கு இருமுறை சீப்பால் வாரி, தேவைப்பட்டால் இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி உடனே துவாயால் உலர்த்துங்கள். முரசு (பல் ஈறு) வெளிறியிருந்தால் தெள்ளு இரத்தத்தைக் குடித்துத் தீர்த்திருக்கிறது. அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சின்னக் குட்டி இதில் செத்துப்போகும்.

நாய்க்கான தெள்ளு மருந்தைப் பாதியாக்கிப் பூனைக்குப் போடவே கூடாது. பல நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. உடல் நடுங்கும், வாயில் நுரை வடியும், வலிப்பு வரும். தெரியாமல் பட்டுவிட்டால் இளஞ்சூட்டு நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவிக்கொண்டு உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் இருக்கும். அதைக் கரைத்துப் பூனைக்கோ தரைக்கோ தெளிக்காதீர்கள். மண்ணெண்ணெய், கற்பூரம், பூச்சி உருண்டை எல்லாமே பூனைக்குக் கேடு.

வீடும் வளவும்

மருந்து போட்ட பூனையை வெளியே விரட்ட வேண்டாம். புதிதாக வெளிவரும் தெள்ளு அதன் மேல் ஏறித்தான் சாக வேண்டும். பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். பாயை முற்றத்தில் உதறி, இரு பக்கமும் நல்ல வெயில் காட்டுங்கள். கட்டிலடி, அலுமாரியடி, சுவர் மூலைகளைத் தினமும் கூட்டி, குப்பையைப் பொலித்தீன் பையில் கட்டி அகற்றுங்கள். கூட்டும் அதிர்வில் கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு வெளியே வரும், அது நல்லதுதான். இரவில் தரையில் தட்டையான கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் வைத்து, மேலே சின்ன விளக்கொன்றை எரியவிட்டால், எந்த அறையில் தெள்ளு கூட என்று காலையில் தெரியும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்க மணல் வளவுகளில் வெயில் படும் மணலில் புழு தாங்காது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்தே சாகும். நிழலும் ஈரமும் சேர்ந்த விறகுக் குவியலடி, படிக்கட்டடி, ஆட்டுக்கொட்டில் ஆகியவைதான் அதன் இடம். பூனைத் தெள்ளு ஆட்டிலும் ஏறும். விறகை அடுக்கு மாற்றி, கொட்டிலின் மேல்மண்ணைச் சுரண்டி வெயிலில் பரப்புங்கள். மிஞ்சிய மருந்தை வாவியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். பிப்ரோனில் இறாலுக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு.

மருந்து போட்டு சில வாரங்களுக்குப் புதுத் தெள்ளு காணப்படும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குள் இன்னொரு மருந்து போடாதீர்கள். பழைய கூடுகள் வெடிக்கின்றன, அவ்வளவுதான். பல வாரம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் கூட்டமாகப் பாய்வதும் இதே காரணத்தால். ஆளின் நடையும் சூடும் அவற்றை எழுப்பிவிடும்.

பூனையின் ஆசனவாயடியில் அரிசி போல ஏதும் ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுத் துண்டு. தெள்ளை நக்கி விழுங்குவதால் வருவது. தெள்ளு மருந்து அதற்கு வேலை செய்யாது. பிராசிகுவான்டெல் மாத்திரையை நிறைக்கு ஏற்ற அளவில் வைத்தியரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.