சூரிய கிரகணம் எந்த ஊர் வழியா எத்தனை மணிக்கு போகும்னு நாமளே கணக்கு போடறது எப்படி

2019 டிசம்பர் 26 காலையில சேலத்துல மொட்டை மாடி ஏறி பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், சூரியன் கதிர் அருவா மாதிரி மெலிஞ்சுது, ஆனா வளையம் மட்டும் வரவே இல்ல. அந்தப் பக்கம் கரூர், திண்டுக்கல்காரங்களுக்கு முழு வளையம். கரூருக்கு பஸ் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான். அந்த வயித்தெரிச்சல்லதான் நான் இதை கத்துக்கிட்டேன்.

முதல்ல தேதி. இதுக்கு பேப்பர் பேனா போதும். நிலாவோட பாதை 5 டிகிரி சாஞ்சிருக்கறதால எல்லா அமாவாசையும் கிரகணம் ஆகாது, அந்த பாதை சூரியனோட பாதையை வெட்டற ரெண்டு புள்ளிதான் நம்ம ராகு, கேது, அதுல ஒண்ணுகிட்ட சூரியன் சுமார் 18 டிகிரிக்குள்ள இருக்கறப்ப அமாவாசை வந்தாதான் உண்டு. இதுல குறுக்கு வழி சாரோஸ்: ஒரு கிரகணத்தோட 6585 நாளும் 8 மணி நேரமும் கூட்டுங்க, அதாவது 18 வருஷம் 11 நாள் (நடுவுல லீப் வருஷம் அஞ்சு வந்தா 10 நாள்), அதே மாதிரி இன்னொண்ணு வரும். 2009 ஜூலை 22-ல சூரத், பாட்னா வழியா போச்சே முழு கிரகணம், அதோட கூட்டினா 2027 ஆகஸ்ட் 2. அந்த 8 மணி நேரத்துல பூமி மூணுல ஒரு பங்கு சுத்திடறதால பாதை மேற்கால நகந்து இந்த வாட்டி ஸ்பெயின், எகிப்து, சவூதின்னு போகுது, எகிப்துல லக்சர் பக்கம் 6 நிமிஷம் 23 செகண்ட் இருட்டு. நமக்கு சாயங்காலம் ஓரத்துல கடிச்ச மாதிரி பகுதி கிரகணம்தான், ஏற்காடு மலையில லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னு பாக்கலாம்னு ஆசை இருக்கு, ஆனா ஆகஸ்ட்ல அங்க மேகமும் பனிமூட்டமும் விடணுமே.

சாரோஸ் தேதியைத்தான் சொல்லும், ஊரை சொல்லாது. ஊருக்கு, பெசல்ங்கிற ஜெர்மன் வானியலாளர் போட்ட வழி. பூமியோட மையம் வழியா, நிழல் வர திசைக்கு செங்குத்தா ஒரு பெரிய பலகை இருக்குன்னு வெச்சுக்குங்க. நிலாவோட நிழல் அதுல ஒரே நடு உள்ள ரெண்டு வட்டமா விழும், வெளிய மங்கலான பெரிய வட்டம், உள்ள ஒரு சின்ன வட்டம். வட்டங்களோட நடு எங்க இருக்கு (எக்ஸ், ஒய்), ஆரம் எவ்ளோ, நிழல் எந்த பக்கம் சாஞ்சிருக்கு, இதெல்லாம் நேரத்தோட எப்படி மாறுதுன்னு நாசா ஒவ்வொரு கிரகணத்துக்கும் பெசல் எலிமென்ட்ஸ்னு ஒரு சின்ன அட்டவணை குடுக்குது. நீங்க செய்ய வேண்டியது, உங்க ஊரோட அட்சம், தீர்க்கம், உயரம் (சேலம் சுமார் 11.66 வடக்கு, 78.15 கிழக்கு) வெச்சு அதே பலகையில உங்க புள்ளி எங்க விழுதுன்னு கண்டுபிடிக்கறது. உங்க புள்ளிக்கும் நிழல் நடுவுக்கும் உள்ள தூரம் பெரிய வட்டத்தோட ஆரத்துக்கு சமமாகற நேரம் கிரகணம் ஆரம்பம், சின்ன வட்டத்துக்குள்ள போயிட்டா முழு இருட்டு, இல்லன்னா வளையம். எக்செல்லயே நிமிஷத்துக்கு ஒரு வரி போட்டு இழுத்துடலாம். சின்ன வட்டத்தோட ஆரம் மைனஸ்ல வந்தா பதறாதீங்க, முழு கிரகணம்னு அர்த்தம், பிளஸ்ல வந்தா வளையம்.

இப்ப நான் மாட்டின இடம். பழகறதுக்காக 2019 கிரகணத்தையே திரும்ப போட்டேன், என் கோடு நாசா மேப்ல இருக்கறத விட மேற்கால 30 கிலோமீட்டர் தள்ளி ஓடுது. ஃபார்முலா எல்லாம் சரி. ரெண்டு ராத்திரி தலையை பிச்சுக்கிட்டேன். விஷயம் டெல்டா டி. அட்டவணையில இருக்கற நேரம் சீரா ஓடற கடிகாரம், நம்ம பூமியோ மெதுவா பிரேக் பிடிச்சுக்கிட்டே வருது, ரெண்டுக்கும் இப்ப சுமார் 69 செகண்ட் வித்தியாசம். வெறும் 69 செகண்ட்தானேன்னு விட்டா, அதுக்குள்ள பூமி 0.29 டிகிரி சுத்திடும், நம்ம ஊர் அட்சத்துல அது 31 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சேலத்துலருந்து ஏற்காட்டுக்கு ரோட்டு தூரம்! அதனால கணக்குல உங்க ஊரோட கிழக்கு தீர்க்கத்துல 0.29 டிகிரி கழிங்க, வர்ற அட்டவணை நேரத்துல 69 செகண்ட் கழிங்க, அப்புறம் இந்திய நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டுங்க.

இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வேணுமான்னா, 1825-ல பாண்டிச்சேரியில ஒரு தமிழ் பஞ்சாங்கக்காரர் தரையில சோழியை பரப்பி, எண்களை சொற்களா மாத்தி வெச்ச வாக்கியங்களை மனப்பாடமா சொல்லிக்கிட்டே ஒரு சந்திர கிரகணத்தை வாரன்ங்கிற வெள்ளைக்காரர் முன்னாடி போட்டு காட்டியிருக்காரு. ஆரம்பம் 4 நிமிஷம்தான் தப்பு (முடிவு 52 நிமிஷம் தப்பு, அது வேற கதை).

போட்டு முடிச்சதும் ஸ்டெல்லேரியம்ங்கிற வானத்தை காட்டற சாஃப்ட்வேர்ல தேதியை வெச்சு ஒத்துப் பாருங்க. அடுத்த பயிற்சிக்கு 2031 மே 21 வளைய கிரகணத்தை எடுங்க, மதுரை வளையத்துக்குள்ள விழணும். விழலன்னா முதல்ல அந்த 69 செகண்டை தேடுங்க.