அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அடிபட்டு படுத்துட்டாங்களா? வீட்டு வேலைய எங்கேருந்து ஆரம்பிக்கிறது

எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருந்தா ஒட்டுறதுக்கு பொதுவா 6லேர்ந்து 8 வாரம் ஆகும், தொடை எலும்பு மாதிரி பெருசா இருந்தா மாசக்கணக்குல இழுக்கும். அதனால முதல் நாளே வீட்டையே தலைகீழா புரட்டி சுத்தம் பண்ணிடாதீங்க, அடுத்த வாரம் நீங்களும் படுத்துருவீங்க. இது 12, 13 வயசுக்கு மேல இருக்குற, இதுவரைக்கும் வீட்டு வேலை பழகாத பசங்களுக்கு.

ஸ்டெப் 1: பேப்பர் பேனாவோட அவங்க பக்கத்துல உக்காருங்க. காலைல எழுந்ததுலேர்ந்து தூங்கப் போற வரைக்கும் அவங்க என்னென்ன செய்வாங்கன்னு ஒண்ணு விடாம கேட்டு எழுதுங்க. சோப்பு தீர்றதுக்கு முன்னாடியே வாங்கி வைக்கிறது, பில்லு கட்ட கடைசி தேதி ஞாபகம் வெச்சுக்கிறதுன்னு பாதி வேலை நம்ம கண்ணுலயே பட்டிருக்காது. அப்புறம் மூணா பிரிங்க: தினமும் ஆகணும், வாரத்துக்கு ஒரு தடவை போதும், இப்போதைக்கு வேணவே வேணாம். என்னைக் கேட்டா இந்த மூணாவது லிஸ்ட்டுதான் முக்கியம். அயர்ன் பண்றது, ஃபேன் துடைக்கிறது, பரண்ல ஏறுறது எல்லாம் அதுல போகட்டும், துணி கசங்கி இருந்தா யாரும் செத்துப் போயிட மாட்டாங்க.

ஸ்டெப் 2: கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் வழிய காலி பண்ணுங்க. மிதியடி, சார்ஜர் வயர், செருப்பு எதுவும் தரையில கிடக்கக் கூடாது, ஊன்றுகோல் அதுல மாட்டினா இன்னொரு முறிவுதான். வீடு துடைக்கிறதா இருந்தா அவங்க படுத்திருக்கும்போது துடைச்சு, நல்லா காயுற வரைக்கும் எழுந்திரிக்க வேணாம்னு சொல்லிருங்க.

ஸ்டெப் 3: கிச்சன். பாத்திரம் ஈஸிதான், பிசுக்கு இல்லாத டம்ளர முதல்ல, எண்ணெய்ச் சட்டிய கடைசியா கழுவுங்க. அடுப்பு விஷயம் அப்படி இல்ல. பக்கத்துல ஒரு பெரியவங்க நின்னு சொல்லிக் குடுக்குற வரைக்கும் எண்ணெய்ல பொரிக்கிற வேலையே வேணாம், பாத்திரத்தோட கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. எண்ணெய்ல தீ பிடிச்சா தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, அடுப்ப அணைக்க முடிஞ்சா அணைச்சு மூடியால மூடுங்க, அதுக்கும் அடங்கலன்னா எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து ஆள் கூப்பிடுங்க. கையில சுட்டுக்கிட்டா ஓடுற தண்ணில 20 நிமிஷம் காட்டணும், ஐஸும் வேணாம் பேஸ்ட்டும் வேணாம். சமைச்சத 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சிருங்க.

துணி துவைக்கிறதுக்கு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, பாக்கெட்ட பாருங்க, சாயம் போறத தனியா போடுங்க, மெஷினை அடைச்சுத் திணிக்காதீங்க. பாத்ரூம்ல மட்டும் ஒரு விஷயம்: பிளீச்சையும் ஆசிட் வகை டாய்லெட் கிளீனரையும் ஒண்ணா ஊத்தினா குளோரின் வாயு வரும், மூச்சே அடைச்சிரும்.

ஸ்டெப் 4: அடிபட்டவங்கள பாத்துக்கிறது. மாத்திரை நேரத்துக்கு ஃபோன்ல அலாரம் வெச்சுக்கலாம், ஆனா எவ்வளவு போடணும்னு டாக்டர் எழுதினதுதான், வலிக்குதேன்னு நீங்களா ஒண்ணு சேர்த்துக் குடுக்கக் கூடாது, ஏன்னா பாராசிட்டமால் சளி மாத்திரைலயும் இருக்கும், தெரியாமலே டோஸ் ஏறிடும். கட்டு நனையக் கூடாது. உள்ள அரிக்குதுன்னு ஸ்கேல விட்டு சொறியவும் விடாதீங்க. விரல் நீலமாச்சு, மரத்துப் போச்சு, வலி குறையாம ஏறிக்கிட்டே போகுதுன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, உடனே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. அவங்க கீழ விழுந்துட்டா தனியா தூக்கப் போகாம ஆள கூப்பிடுங்க.

ஸ்டெப் 5: “ஏதாவது வேணும்னா சொல்லு”ன்னு சொல்லிட்டுப் போறவங்க நிறைய பேர் வருவாங்க, சும்மா தலையாட்டி அனுப்பிடாம லிஸ்ட்லேர்ந்து ஒரு வேலைய எடுத்துக் குடுத்துருங்க, “சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு கூட வர்றீங்களா”ன்னு நேரா கேட்டா முக்கால்வாசி பேர் வந்துருவாங்க. கிளாஸ் டீச்சர் கிட்டயும் விஷயத்த சொல்லி வைங்க, ஹோம்வொர்க் தள்ளிப் போனா திட்டு வாங்க வேண்டியிருக்காது. தூக்கமோ படிப்போ சுத்தமா போயிருச்சுன்னா உங்களுக்கு வேலை ரொம்ப அதிகம்னு அர்த்தம், இன்னொரு பெரியவங்கள உள்ள கொண்டு வரணும்.

வாரம் ஒரு தடவை அந்த லிஸ்ட்ட மறுபடி ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. கால்ல அடின்னா துணி மடிக்கிறது, பில்லு கட்டுறது மாதிரி உக்காந்த இடத்துலயே செய்யுறத அவங்களே கேட்டு வாங்கிப்பாங்க, குடுத்துருங்க (நீங்க மடிச்சது எப்படியும் அவங்களுக்குப் பிடிச்சிருக்காது). நின்னு செய்யுறதும் வெயிட் தூக்குறதும் மட்டும் டாக்டர் ஓகே சொன்ன பிறகுதான்.