தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றனவா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

புதன்கிழமை காலை விளக்கைப் போட்டால் ஒரு மோலி மீன் செத்து மிதக்கிறது. வாலில் பாதியைக் காணோம், ஒரு கண்ணையும் காணோம். பக்கத்தில் ஏஞ்சல் மீன் நின்றுகொண்டு அதைக் கொத்துகிறது. பார்த்தவுடன் என்ன தோன்றும்? ஏஞ்சல்தான் கொன்றது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று மாலையே அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் இன்னொரு மோலி செத்தது.

என்னுடையது 3 அடி தொட்டி. அதில் இரண்டு ஏஞ்சல், நான்கு டைகர் பார்ப், ஆறு மோலி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் ஒன்று. "எல்லாம் ஒன்றாக இருக்கும் சார்" என்று கடையில் சேர்த்துக் கொடுத்த கூட்டம். ஐந்து வாரத்தில் ஐந்து மோலிகள் போய்விட்டன. கடைசியில் பார்த்தால் காரணம் இரண்டு. ஒன்று தண்ணீரில் இருந்தது, இன்னொன்று டைகர் பார்ப்பிடம் இருந்தது. ஏஞ்சலுக்கு இரண்டிலுமே பங்கில்லை. அப்போது நான் எந்த வரிசையில் தேடியிருக்க வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுகிறேன். முதலில் தண்ணீர், அப்புறம்தான் சண்டை. இதை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள்.

படி 1: செத்த மீனை உடனே எடுங்கள், ஆனால் தூக்கி எறிவதற்கு முன் பாருங்கள்

செத்த மீனை மற்ற மீன்கள் தின்னும். கண், துடுப்பு, வயிறு என்று மென்மையான இடங்களில்தான் தொடங்கும். இரவு பத்து மணிக்குச் செத்த மீன் காலை ஆறு மணிக்குள் பாதியாகிவிடும். சக்கரும் நத்தையும் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் உடல் கிழிந்து கிடப்பதை மட்டும் வைத்துக் கொலை என்று முடிவு செய்ய முடியாது.

ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். உடலில் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். துடுப்பின் ஓரம் வெளுத்து, பஞ்சு பஞ்சாகக் கரைந்திருந்தால் துடுப்பு அழுகல். பிறை வடிவில் துண்டு துண்டாகப் போயிருந்தால் கடி. ஆனால் அது சாவதற்கு முன் விழுந்ததா பின் விழுந்ததா என்பது செத்த மீனில் தெரியாது. உயிரோடு இருக்கும் மீன்களின் துடுப்பைப் பார்த்தால்தான் தெரியும். செத்துச் சில நிமிடமே ஆகியிருந்தால் பல்குச்சியால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இல்லாமல் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட் விஷம் என்று சந்தேகப்படலாம். நேரம் கழிந்துவிட்டால் எல்லாச் செவுளும் வெளுத்துப்போகும், அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே இரவில் செத்தனவா, வாரத்துக்கு ஒன்றாகச் சாகின்றனவா? ஒரே இரவில் கூட்டமாகச் செத்தால் பெரும்பாலும் காற்று போதாமை அல்லது வெளியிலிருந்து வந்த விஷம். ஒவ்வொன்றாகச் செத்தால் அம்மோனியா, நோய், அல்லது ஒரு மீன் மற்றதை விடாமல் துரத்துவது.

செத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எனக்கு வழி காட்டியதே இதுதான். ஐந்து சாவும் செவ்வாய், புதன், வியாழனுக்குள் விழுந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் தொட்டியைக் கழுவுவேன்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் அம்மோனியா இருக்கும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டையை விட இது நம்பகமானது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) நான்கையும் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது? மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாகின்றன. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது குறைந்த அளவில் தொல்லை தராது. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய மறுநாளே இருபது மீன் விட்டவர்களுக்கு மூன்றாவது வாரத்துக்குள் சாவு தொடங்குவது இதனால்தான்.

என் தொட்டி புதிதல்ல. ஆனால் ஞாயிறு தோறும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, வெள்ளையாகும் வரை கசக்கிக் கழுவினேன். குழாய்த் தண்ணீரின் குளோரினும் என் கைவேகமும் சேர்ந்து பாக்டீரியாவில் பெரும்பகுதியைப் போக்கிவிட்டன. திங்கள், செவ்வாயில் அம்மோனியா ஏறும், வாரக்கடைசியில் பாக்டீரியா மீண்டும் தலைதூக்கும், ஞாயிறு திரும்பவும் கழுவுவேன். சுத்தமாக வைத்திருக்கிறோம் என்ற நினைப்பில் செய்தது. இப்போது நினைத்தாலும் மனது கஷ்டப்படுகிறது.

பிஹெச்சையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிஹெச் 7 இருக்கும் தண்ணீரை விட 8 இருக்கும் தண்ணீரில் அதே அளவு அம்மோனியாவின் விஷப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. போர் தண்ணீர் பல ஊர்களில் 8-ஐ ஒட்டித்தான் இருக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடானாலும் இந்தப் பகுதி கூடும்.

அம்மோனியா இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, குளோரினைப் போக்கும் ஆன்டி குளோரின் மருந்தைச் சேருங்கள். மறுநாள் சோதித்து, இன்னும் இருந்தால் திரும்பவும் மாற்றுங்கள். உணவைப் பாதியாக்குங்கள், இரண்டு நாள் போடாவிட்டாலும் பெரிய மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. நைட்ரைட் இருந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். ஸ்பாஞ்சை இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். அது பழுப்பாகவே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பல மாதமாகத் தண்ணீர் மாற்றாத தொட்டி என்றால் ஒரே நாளில் பாதியை மாற்றாதீர்கள். அங்கே பிஹெச் இறங்கிப் போயிருக்கும். புதுத் தண்ணீர் அதைத் திடீரென ஏற்றினால் அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாக மாறிவிடும். தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள்.

படி 3: கிட் காட்டாத விஷயங்கள்

கொசு மருந்து. கிட் காட்டாதவற்றில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்க வேண்டும். கொசுவர்த்திச் சுருள், செருகி வைக்கும் திரவம், ஸ்பிரே எல்லாவற்றிலும் இருக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி மனிதனுக்கு அவ்வளவாகத் தெரியாது, மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்க ஆள் வருகிறார் என்றால் தொட்டியைத் துணியால் மூடி, பம்பை வேறு அறையில் வைத்து நீளமான குழாய் போடுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், மேல் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டு எப்போது கழுவினார்கள் என்று காவலாளியிடம் கேளுங்கள். லாரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் மாறி மாறிப் போவதும் மீனுக்கு அதிர்ச்சிதான். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தாது உப்பு ஏறக்குறைய இருக்காது, கடினத் தண்ணீரை விரும்பும் மோலி, கப்பிக்கு அது ஒத்துவராது.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை. செடிகளும் இரவில் ஆக்ஸிஜனைச் செலவழிக்கும். மே மாதத்து மின்வெட்டில் இது சீக்கிரம் நடக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

படி 4: யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பாருங்கள்

தண்ணீர் ஒரு வாரம் சரியாக இருந்தும் மீன் ஒதுங்கி நின்றால், அல்லது துடுப்பு கிழிந்துகொண்டே வந்தால், இப்போது சண்டையைத் தேடலாம்.

நீங்கள் தொட்டி முன்னால் நின்றால் உணவு வரும் என்று எல்லாம் முன்னால் ஓடி வந்து சமர்த்தாக நிற்கும். அதனால் போனை எதிரே சாய்த்து வைத்து, வீடியோவைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் வேறு அறைக்குப் போய்விடுங்கள். காலையில் ஒரு முறை, விளக்கணைக்கும் நேரத்தில் ஒரு முறை.

என் வீடியோவில் தெரிந்தது இது. கடைசி மோலி ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில், துடுப்பை உடலோடு ஒட்டிவைத்து, தலை மேல்நோக்கி நின்றது. நான்கு நிமிடம் அசையவில்லை. அப்புறம் மெதுவாக ஒரு சாண் தூரம் வெளியே வந்தது. உடனே ஒரு டைகர் பார்ப் எதிர்மூலையிலிருந்து நேர்கோட்டில் வந்து அதன் வாலைத் தட்டிவிட்டுப் போனது. கடி என்றுகூடச் சொல்ல முடியாது. மோலி திரும்பவும் குழாய்க்குப் பின்னால் போய்விட்டது. அரைமணி நேரத்தில் பதினொரு முறை இப்படி.

துரத்தும் மீன் பெரும்பாலும் கடித்துக் கொல்வதில்லை. தின்ன விடாது, ஓய்வெடுக்க விடாது. பத்து நாளில் மெலிந்து, எதிர்ப்புச் சக்தி போய், லேசான அம்மோனியாவையும் தாங்காமல் அந்த மீன் சாகும். என் தொட்டியில் இரண்டும் கைகோத்துக்கொண்டது இப்படித்தான்.

டைகர் பார்ப் எட்டுக்குக் குறையாமல் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மூன்று நான்கு என்று வாங்கினால் மற்ற மீன்கள்மேல் பாயும். நீளத் துடுப்புள்ள ஏஞ்சல், ஃபைட்டர், கப்பியோடு எத்தனை இருந்தாலும் வேண்டாம். கப்பி, மோலியில் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வேண்டும். இல்லாவிட்டால் துரத்தியே பெண்ணைக் கொன்றுவிடும். ரெட் டெயில் ஷார்க் தொட்டிக்கு ஒன்றுதான். ஏஞ்சல் ஜோடி முட்டையிட்டால் அந்தப் பக்கம் யாரையும் விடாது, நியான் டெட்ராவை வளர்ந்த ஏஞ்சல் விழுங்கும். பெரிய சக்கர் இரவில் தட்டையான மீன்களின் உடலில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். ஏஞ்சல் உடலில் வட்டமான காயம் தெரிந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

படி 5: துரத்துகிற மீனைப் பிரித்து வையுங்கள், துரத்தப்பட்டதை அல்ல

அடிபட்ட மீனைத் தனியே எடுத்துத் தேற்றி மறுபடி விட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். துரத்தும் மீனை ஒரு வாரம் வேறு டப்பாவில் காற்றோடு வையுங்கள். அந்த வாரத்தில் கல், மரக்கட்டை, செடி எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி நடுவில் உயரமாக ஏதாவது இருக்கட்டும். திரும்ப விடும்போது அதுதான் புது ஆள். பழைய எல்லை எதுவும் இருக்காது. இதிலும் அடங்காவிட்டால் கொடுத்துவிடுங்கள். ஒன்று போனதும் இரண்டாவது இடத்தில் இருந்தது தலைவனாவதும் உண்டு, இன்னொரு முறை வீடியோ எடுங்கள்.

கூட்டத்தைப் பெரிதாக்குவது நல்ல வழிதான், ஆனால் மீன் கூடினால் அம்மோனியாவும் கூடும். நான் டைகர் பார்ப்களை 3 அடி தொட்டியில் எட்டாக்கவில்லை. அவற்றுக்குத் தனியாக 2 அடி தொட்டி வைத்து, ஃபில்டர் பழகிய பிறகு வாரம் இரண்டாக நான்கு சேர்த்தேன்.

கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று எந்த மீனையும் ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். அப்படி விட்ட சக்கர்தான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்து, மீனவர் வலையையும் கிழிக்கிறது. சென்னையில் கொளத்தூர் பக்கம் இருப்பவர்கள் மீன் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், சிலர் வாங்கிக்கொள்வார்கள்.

படி 6: புது மீன் விடும்போது

கடைசிச் சாவுக்குப் பிறகு ஒரு மாதம் எதுவும் வாங்காதீர்கள். வாங்கிய மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். அந்த ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஒரு மாதம் போட்டுவைத்திருந்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். மூன்று வாரம் கழித்து, மாலையில் பழைய மீன்களுக்கு வயிறு நிறையக் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள். மறுநாள் மதியம் வரை விளக்கைப் போட வேண்டாம்.