தூள் வறுக்கிற வேலையை இன்னொரு கையில குடுக்கிறது எப்பிடி

விசுவமடுவில வீட்டோட சேர்த்து ஒரு சின்னத் தூள் யாவாரம் செய்யிறன், வறுத்த மிளகாய்த்தூள் (மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்த கறித்தூள்), அரிசிமா, ஒடியல்மா எண்டு. மூத்தவள் இப்ப ஓ.எல் வருசம், சின்னவன் 4ஆம் ஆண்டு, இவருக்கு வயல். போன வருசம் வரைக்கும் செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுறதில இருந்து பஸ்ஸில பார்சல் போடுற வரைக்கும் எல்லாம் நான்தான். ஆரும் உதவிக்கு வந்தாலும் "விடுங்கோ, சொல்லித்தாற நேரத்தில நானே செய்து முடிச்சிடுவன்" எண்டுவன்.

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் கிழமை, ஓடர் குவிஞ்சு கிடக்கேக்க சின்னவனுக்குக் காய்ச்சல். அவனைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடுற அவசரத்தில பக்கத்து வீட்டு அக்காவிட்ட "மல்லி தாச்சியில கிடக்கு, பாத்து இறக்கிவிடுங்கோ" எண்டிட்டுப் போனன். வந்து பாத்தா அஞ்சு கிலோவும் கரி. அவவில பிழை சொல்லேலாது, பாத்து எண்டா எதைப் பாக்கிறது? அந்தப் பக்குவம் என்ர மூக்கில மட்டும்தான் இருந்தது, ஒருநாளும் அவவுக்குக் காட்டினதில்லை. அதுக்குப் பிறகு நான் செய்ததைத்தான் ஒழுங்கா எழுதுறன், புதுசாத் தொடங்கிற ஆக்கள் அப்பிடியே செய்து பாருங்கோ.

முதல் வேலை, ஒரு கொப்பி. 7 நாளைக்கு, விடிய எழும்பினதில இருந்து படுக்கிற வரைக்கும் என்ன செய்தாலும் எழுதுங்கோ, வீட்டு வேலையும் சேர்த்துத்தான். எனக்கு ஒரு நாளைக்கே 30க்கு மேல வந்துது, அதில வறுக்கிறது ரெண்டு தரம், மிச்சமெல்லாம் போன் எடுக்கிறது, சில்லறை மாத்துறது, சின்னவன்ர சொக்ஸ் தேடுறது.

ரெண்டாவது, அந்தக் கொப்பியில குறி போடுங்கோ. நான்தான் செய்யோணும் எண்டதுக்கு நட்சத்திரம், வேற ஆரும் செய்யலாம் எண்டதுக்கு வட்டம், ஏன் செய்யிறன் எண்டே தெரியாததுக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு பைக்கும் திகதி, விலை எல்லாம் கையால எழுதிக்கொண்டு இருந்தனான், ஒரு றபர் முத்திரையோட அது முடிஞ்சுது. (நிறை, விலை, செய்த திகதி, முடிவுத் திகதி நாலும் லேபலில கட்டாயம் இருக்கோணும், அதை வெட்டிப் போடாதேங்கோ.)

மூண்டாவது, பிழைச்சாலும் காசு பெரிசாப் போகாத வேலையை முதல் குடுங்கோ. காம்பு கிள்ளுறது, 250 கிராம் நிறுத்துப் பை ஒட்டுறது. வெறும் பையை வைச்சுத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாறது எப்பிடி எண்டு மட்டும் பக்கத்தில நிண்டு காட்டினாக் காணும்.

நாலாவதுதான் கஷ்டமான இடம், கைப்பக்குவத்தைக் குடுக்கிறது. நான் எல்லாம் கண்ணளவில போடுற ஆள், அதால ஒருநாள் முழுக்க ஒவ்வொரு சாமானையும் போடமுதல் தராசில வைச்சு எழுதினன். மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம் எல்லாத்தையும் தனித்தனியா வறுக்கோணும், சின்னச்சீரகம் சிவக்கிற நேரம் வேற மல்லி சிவக்கிற நேரம் வேற, சேத்துப்போட்டா ஒண்டு பச்சை ஒண்டு கரி. பிறகு மூண்டு போத்தல் எடுத்து, ஒண்டில வறுபடாத மல்லி, நடுவில சரியா வந்தது, மற்றதில கொஞ்சம் கூடிப்போனது போட்டு அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில வைச்சன். நடுப்போத்தல் நிறம் வரேக்க இறக்குங்கோ, அவ்வளவுதான் கதை. ஆறாமல் மில்லுக்குக் குடுத்தா தூள் வேர்த்துக் கட்டிபடும் எண்டதையும் சுவரில எழுதி ஒட்டினன். முதல்நாள் நான் வறுக்க அக்கா பாத்தா, அடுத்தநாள் ரெண்டுபேரும், மூண்டாம்நாள் அவ வறுக்க நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன் (கஷ்டம்!), நாலாம்நாள் வேணுமெண்டே கிணத்தடிக்குப் போட்டன்.

அடுத்தது எல்லை சொல்லுறது. 2000 ரூபாக்குள்ள வாற செலவுக்கு என்னைக் கேக்க வேண்டாம், கருகின மணம் வந்தா அல்லது கணக்கில காசு குறைஞ்சா உடன கோல் எடுங்கோ. இதைச் சொல்லாட்டி ஒண்டில் பத்துத்தரம் போன் வரும், இல்லாட்டி வரவேண்டிய நேரத்தில வராது.

சம்பளமும் கதைக்கோணும். சம்பளத்துக்கு ஆளை வைச்சா ஈ.பி.எஃப் எண்டுற சேமலாப நிதிக்கு எங்கட பங்கு 12 வீதம், அவையின்ர சம்பளத்தில கழிக்கிறது 8 வீதம், அதோட ஈ.ரி.எஃப் எண்டுற நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் நாங்கள்தான் கட்டோணும், இதைக் கூட்டிப் பாக்காமல் வாக்குக் குடுத்திடாதேங்கோ.

வீட்டில? அதே கொப்பிதான், ஆனா சம்பளம் இல்லாதபடியா ரோசம் கூட. ரியூசனுக்கு ஏத்தி இறக்கிறது இவற்ற பொறுப்பு எண்டு விட்டன், முதல் கிழமை ரெண்டுதரம் பிந்தினார், நான் ஸ்கூட்டியை எடுக்கேல்லை. எடுத்திருந்தா அது திரும்பவும் என்ர வேலைதான். சின்னவன் தன்ர பையைத் தானே அடுக்கிறான், ஒருநாள் கணக்குக் கொப்பியை விட்டிட்டுப் போய் ஏச்சு வாங்கினான், பிறகு விடேல்லை. மூத்தவளை மட்டும் தூள் பக்கம் இழுக்கேல்லை, ஓ.எல் வருசம், சனிக்கிழமையில அரை மணித்தியாலம் வட்ஸ்அப் ஓடரைக் கொப்பியில ஏத்துவாள், அதுவும் அவளாக் கேட்டது.

மாசியில சின்னவன்ர இல்ல விளையாட்டுப் போட்டி, முதல்தரமா முழுநாளும் மைதானத்தில நிண்டன். பத்து மணிபோல அக்காவின்ர வொய்ஸ் ஒண்டு, "தங்கச்சி, நடுப்போத்தல் மாதிரி வந்திட்டுது, மில்லுக்குக் குடுக்கப்போறன்." ஆறிட்டுதோ எண்டு கேக்க விரல் போனது, கேக்கேல்லை. பின்னேரம் வந்து உள்ளங்கையில போட்டு மணந்து பாத்தனான்தான், அக்கா கண்டிட்டுச் சிரிச்சா.