ஆறு பாடத்தை நான்காகக் குறைத்த கதை

கல்லூரியில் முதல் செமஸ்டரில் ஆறு பாடம் எடுத்தேன். பள்ளியிலும் ஆறுதானே படித்தோம், இதில் என்ன பெரிதாக இருக்கப் போகிறது என்ற நினைப்பு. மொத்தம் 20 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் அளவைப் பொறுத்துத் தரும் புள்ளி), அதாவது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்று கணக்குப் போட்டதுதான் தப்பு.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிறு இரவு, பாதி எழுதிய வேதியியல் ஆய்வக அறிக்கையும் திறக்கவே திறக்காத கால்குலஸ் கணக்குகளும் எதிரே கிடக்க, உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தேன். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 60 மணி! ஆய்வகம் இன்னும் மோசம், கிரெடிட் ஒன்றுதான், ஆனால் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்து அறிக்கை வேறு எழுத வேண்டும்.

மறுநாளே ஆலோசகரிடம் போனேன். பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் இருந்த கெடு முடிந்துவிட்டதால் இரண்டு பாடத்திலிருந்து விலகியதாகவே மதிப்பெண் சான்றிதழில் பதிவானது, சரி, தோல்வி என்று விழுவதற்கு இது பரவாயில்லை. அதற்கு முன் உதவித்தொகைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிரெடிட் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், நல்லவேளை தப்பித்தேன். அடுத்த செமஸ்டரில் ஆய்வகம் ஒன்று, கணக்கு ஒன்று, மிச்சம் இரண்டும் வாசிப்புப் பாடங்கள்.