ஆன்டிபயாடிக்குக்குத் தப்பும் பாக்டீரியாவை எண்ணிப் பார்ப்பது எப்படி

மருந்தில் தப்பிய பாக்டீரியா எல்லாமே எதிர்ப்புத்திறன் பெற்றவை அல்ல. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு தப்பிக்கிற சில உண்டு, பெர்சிஸ்டர் என்பார்கள். ஜோசப் பிக்கர் 1944-இல் பெனிசிலினைத் தாண்டி மிஞ்சிய ஸ்டாஃபைலோகாக்கஸில் இவற்றைக் கண்டு பெயரிட்டார். ஆம்பிசிலின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துத்தான் கொல்கிறது. சுவர் கட்டாமல் தூங்கும் செல்லில் அதற்கு வேலையில்லை.

இவற்றை எண்ணிப் பார்க்க, நோய் உண்டாக்காத ஈ.கோலி கே-12 என்ற பாக்டீரியா போதும். முதல் நாள் இரவு வளர்த்த கல்ச்சரை (பாக்டீரியா வளர்ந்த திரவம்) 1:1000 நீர்த்து, 37 டிகிரியில் குலுக்கி, ஓ.டி. (திரவத்தின் கலங்கலைக் காட்டும் அளவு) 0.3 ஆகும் வரை வளர்க்கவும். பலரும் இங்கேயே மருந்தைப் போட்டுவிடுகிறார்கள், அது தவறு. இரவுக் கல்ச்சரில் ஏற்கெனவே தூங்கிக்கிடந்தவை கூடவே வந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும். மறுபடி 1:100 நீர்த்து, அதே 0.3-க்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின். இது எம்ஐசியின், அதாவது வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவின், 10 மடங்குக்குக் குறையக் கூடாது. மருந்து அன்றன்று கரைத்ததாக இருக்கட்டும், பழைய கரைசல் வீரியம் இழந்திருக்கும். குழாயின் மேல்சுவரில் தெறித்த துளிக்கு மருந்து எட்டாது, அதில் இருப்பவை பொய்யாகத் தப்பும்.

போடுமுன் ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை 5 மணி நேரம் வரை 1 மில்லி எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, அதே அளவு சலைனில் இருமுறை கழுவவும். கழுவாவிட்டால் ஒட்டிவந்த மருந்து பிளேட்டிலும் கொல்லும். பத்துப் பத்தாக நீர்த்து, ஒவ்வொன்றிலும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து மருந்தில்லாத அகார் பிளேட்டில் சொட்டாக வையுங்கள். 100 மடங்கு நீர்த்த சொட்டில் 23 காலனி (ஒரு செல் பெருகி உண்டான புள்ளி) என்றால், மில்லிக்கு 2,30,000. பிளேட்டை 48 மணி நேரம் வைத்திருங்கள். தாமதமாக விழிப்பவை சிறு புள்ளிகளாகப் பிறகுதான் தெரியும்.

மணிவாரியாக எண்ணிக்கையை லாக் அளவில் (ஒவ்வொரு படியும் பத்து மடங்கு) வரையுங்கள். கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு மடங்கிப் படுக்கும். அந்த மடிப்புக்குப் பிறகு மிஞ்சியவைதான் பெர்சிஸ்டர். கடைசியில் கோடு ஏறினால், மருந்து தீர்ந்திருக்கலாம், அல்லது எதிர்ப்புத்திறன் உள்ளவை பெருகியிருக்கலாம்.

எது என்று அறிய, தப்பிய காலனிகளில் சிலவற்றை மறுபடி வளர்த்து இதே சோதனையைச் செய்து, எம்ஐசியும் பாருங்கள். எம்ஐசி மாறாமல் அதே சரிவும் அதே மடிப்பும் வந்தால் பெர்சிஸ்டர். எம்ஐசி பல மடங்கு ஏறியிருந்தால் மியூட்டன்ட், அதாவது மரபணு மாறி எதிர்ப்புத்திறன் பெற்றது. அப்படியானால் முதல் எண்ணிக்கையைப் பெர்சிஸ்டர் எண்ணிக்கையாக அப்படியே பயன்படுத்தக் கூடாது.